பதினான்காம் நாளில் வரைந்த கோடு

கடல் மட்டத்தில் தூய நீர் 100 டிகிரி செல்சியசில் கொதிக்கிறது. நம் நாட்டில் வாக்களிக்கும் வயது 18. இரண்டும் எல்லைகளே. ஆனால் முன்னது இயற்கை வகுத்தது. பின்னது நாம் வகுத்தது. இந்த வேறுபாடு மங்கினால் என்ன நேரும் என்பதற்குப் பிரிட்டனின் வார்னாக் குழு அறிக்கை நல்ல சான்று.

1978-இல் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை அந்நாட்டில் பிறந்தது. உடலுக்கு வெளியே உருவாகும் மனிதக் கருவை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தலாமா என்ற வினா எழுந்தது. 1982-இல் அரசு, தத்துவ அறிஞர் மேரி வார்னாக் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 1984-இல் வெளிவந்த அறிக்கை, கருவுற்றதிலிருந்து 14 நாள் வரை ஆராயலாம், அதற்குமேல் கூடாது என்றது.

ஏன் 14? ஏறத்தாழ 15-ஆம் நாளில்தான் உடலின் அச்சைக் காட்டும் 'ஆதிக்கோடு' கருவில் தோன்றுகிறது. அதற்கு முன்பு ஒரே கரு பிரிந்து இரட்டையராகவும் ஆகக்கூடும். இவை விஞ்ஞானம் கண்ட உண்மைகள். 'ஆகவே அதுவரை ஆராயலாம்' என்பதை எந்த நுண்ணோக்கியும் காட்டாது. கருவுற்ற கணத்திலிருந்தே கருவைக் காக்க வேண்டும் என்னும் கத்தோலிக்கரும் இவ்வுண்மைகளை ஏற்கலாம். முடிவை மட்டுமே மறுப்பர்.

அறிக்கையின் சிறப்பு அதன் நேர்மை. கருவின் வளர்ச்சி தொடர்ச்சியானது, அதில் ஒரு கட்டம் மற்றொன்றைவிட முக்கியமன்று என்று அதுவே ஒப்புகிறது. மக்களின் கவலை தணியத் திட்டமான ஓர் எல்லை வேண்டும் என்றும் கூறுகிறது. கருவின்மீது ஆராய்ச்சியே கூடாது என்ற உறுப்பினர்களின் மறுப்புரையையும் சேர்த்தே அச்சிட்டது.

குறை எங்கே? எல்லைக்கு ஆதாரமாக ஆதிக்கோட்டை முன்னிறுத்தியதால், ஓர் ஒழுக்கத் தீர்ப்பு உயிரியல் கண்டுபிடிப்பின் தோற்றத்தைப் பெற்றுவிட்டது. பின்வந்த விவாதத்தில் ஆராய்ச்சியை ஆதரித்தவர்கள் 'முன்கரு' என்ற புதுப்பெயரைக் கையாண்டார்கள். எதிர்த்தவர்களோ, 'கருவுற்றதும் தனி மரபுத்தொகுதி உருவாகிறது. எனவே அது மனிதரே' என்றார்கள். இரு சாராரும் தம் ஒழுக்க முடிவுக்கு விஞ்ஞானத்தின் சட்டையை அணிவித்தார்கள்.

1990-இல் 14 நாள் எல்லை சட்டமாயிற்று. அந்நாளில் ஆய்வுக்கூடத்தில் மனிதக் கருவை அவ்வளவு நாள் வளர்க்கவே இயலவில்லை. 2016-இல்தான் 13 நாள் வரை வளர்க்க முடிந்தது. 2021-இல் ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்கான பன்னாட்டுச் சங்கம், அறவே விலக்கப்பட்ட ஆய்வுகளின் பட்டியலிலிருந்து 14 நாளைத் தாண்டிய வளர்ப்பை நீக்கியது. கவனியுங்கள்: ஆதிக்கோடு தோன்றும் நாள் மாறவில்லை. மாறியவை நம் திறனும் விருப்பமுமே.

இனி யாரேனும் 'விஞ்ஞானமே சொல்லிவிட்டது' என்றோ 'சமயம் விதித்துவிட்டது' என்றோ ஒரு சட்டத்துக்கு வாதாடினால், ஒன்று கேளுங்கள்: இதில் அளந்து கண்டது எது, தேர்ந்துகொண்டது எது? அளந்ததைச் சரிபார்க்க நிபுணர் வேண்டும். தேர்ந்ததற்குக் காரணம் கேட்கும் உரிமையோ உங்களுக்கும் உண்டு.