ஒரு மதிப்பெண்ணின் விலை

அரசு டெண்டரில் எல்-1 முறையை ஏசாத பொறியாளர் அரிது. தகுதி உறையில் தேறியவர்களில் குறைந்த விலை கேட்டவருக்கே வேலை. அவர் அடிமாட்டு விலைக்கு எடுத்துவிட்டு, பிறகு கூடுதல் வேலை, காலதாமதம் என்று கோரிக்கை மேல் கோரிக்கை எழுதுவார். குறை உண்மைதான். ஆனால் விலை உறை திறந்த நிமிடமே வென்றவர் யார் என்று கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரிந்துவிடும். இம்முறை இத்தனை காலம் பிழைத்திருப்பது அதனால்தான்.

இதற்கு மாற்று, தரத்துக்கும் மதிப்பெண் போட்டு விலையோடு கூட்டுவது. ஆலோசகர்களை அமர்த்த வழக்கத்தில் இருந்த இதை, 2021 அக்டோபரில் மத்திய நிதி அமைச்சகம் கட்டுமானப் பணிகளுக்கும் திறந்துவிட்டது. தரத்தின் பங்கு 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று ஒரு கடிவாளமும் போட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். தரத்தில் 75 வாங்கியவர் 100 கோடி கேட்கிறார். 90 வாங்கியவர் 106 கோடி கேட்டால் வெல்வார். 107 கேட்டால் தோற்பார். பதினைந்து மதிப்பெண்ணுக்கு ஏழு கோடிகூடப் பெறாது! பாதி மனதோடு கொடுத்த அனுமதி இது.

அந்தத் தயக்கத்துக்கும் நியாயம் உண்டு. பிரிட்டனில் பழைய மேக்னாக்ஸ் அணு உலைகளும் ஆய்வுத் தளங்களுமாக 12 இடங்களைக் கலைத்துத் துப்புரவாக்கும் பணி. மதிப்பு சுமார் 620 கோடி பவுண்டு, காலம் 14 ஆண்டு. போட்டியாளர்களோடு பல சுற்றுப் பேசி, நூற்றுக்கணக்கான அம்சங்களுக்கு மதிப்பெண் போட்டார்கள். 2014இல் கேவண்டிஷ் ஃபுளோர் கூட்டணி ஏறத்தாழ ஒரே ஒரு விழுக்காட்டு வித்தியாசத்தில் வென்றது. தோற்ற தரப்பிலிருந்து எனர்ஜிசொல்யூஷன்ஸ் வழக்குத் தொடுத்தது. மதிப்பெண் போட்டதில் பிழை, வென்றவரைத் தகுதிநீக்கமே செய்திருக்க வேண்டும் என்று 2016இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டெண்டர் விட்ட அணு உலை அகற்றல் ஆணையம் ஏறத்தாழ 10 கோடி பவுண்டு கொடுத்து வழக்குகளை முடித்துக்கொண்டது. எல்-1இல் மதிப்பெண் குறித்து இப்படியொரு வழக்கைத் தொடுப்பதே கடினம்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் மதிப்பெண் முறையைக் குற்றம் சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் 2017இல் ஒப்பந்தத்தையே முறிப்பதாக அறிவித்தபோது ஆணையம் சொன்ன காரணம் வேறு: தளங்களில் செய்யவேண்டிய வேலை டெண்டரில் எழுதியதைவிட வெகுவாக மாறுபட்டிருந்தது. வாங்குகிறவருக்கே தன் சரக்கு தெரியாதபோது, குறைந்த விலையைப் பார்த்தாலென்ன, நிறைந்த மதிப்பெண்ணைப் பார்த்தாலென்ன? பேசிப் பேசித் தேவையைத் தெளிவாக்கும் முறை என்று பெயர் வாங்கிய உரையாடலிலும் அந்த மாறுபாடு வெளிவரவில்லை.

நம் ஊரில் 30 விழுக்காடு போதுமா என்று வாதாடுகிறவர்கள், மண் ஆய்வும் நில எடுப்பும் முடியுமுன்னே டெண்டர் விடும் அவசரத்தைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.