நல்ல தாய், அழுத தாய்

அம்மா இறந்து ஒரு வருஷம் ஆனபோது, சபையில் நடக்கவிருந்த நினைவு ஆராதனைக்காக ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். அரை மணி நேரத்தில் எழுதிவிட்டேன். பக்தியுள்ள தாய், அர்ப்பணிப்புள்ள ஆசிரியை, முணுமுணுக்காமல் குடும்பத்தைச் சுமந்தவர். தங்கச்சி படித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. யாரு இவங்க?" என்றாள்.

வீட்டில் சேர்ந்திருந்த பழைய நினைவு மலர்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே பெண்தான் இருந்தாள். படமும் பெயரும் மட்டும் வேறு. பெரும்பாலும் நீதிமொழிகள் 31ஆம் அதிகாரத்திலிருந்து எடுத்துச் செய்த பெண். அந்த அதிகாரத்தை நிதானமாக வாசித்தால் வேறொருத்தி தெரிகிறாள்: நிலம் பார்த்து வாங்குகிறாள், துணி நெய்து விற்கிறாள், ராத்திரியும் விளக்கை அணைப்பதில்லை. நம் மலர்கள் அவளுடைய வேலையைக் கழித்துவிட்டு அடக்கத்தை மட்டும் வைத்துக்கொள்கின்றன.

இது புதிய பழக்கமில்லை. சிந்தாதிரிப்பேட்டையில் போதகராக இருந்த டபிள்யூ. டி. சத்தியநாதனின் மனைவி அன்னாள் சத்தியநாதன், 19ஆம் நூற்றாண்டுச் சென்னையில் பெண்களுக்குப் பள்ளிகள் நடத்தியவர்; வெளியே வராத பெண்களுக்கு வீடு தேடிப்போய்ப் பாடம் சொன்னவர். பிள்ளை வளர்ப்பு பற்றித் தமிழில் அவர் எழுதிய புத்தகத்தின் பெயர் 'நல்ல தாய்'. தெருத்தெருவாக நடந்து உழைத்த ஒருவரின் பெயரோடு கடைசியில் ஒட்டிக்கொண்டது அந்தத் தலைப்புதான்.

ஆச்சரியம் என்னவென்றால், அதற்கு மாற்றான புத்தகமும் அதே குடும்பத்திலிருந்தே வந்தது. 1878இல் மருத்துவம் படிக்கச் சென்னை வந்த கிருபாபாய், சத்தியநாதன் வீட்டில் தங்கினார். பிறகு அந்த வீட்டுக்கே மருமகளானார். அவருடைய 'சகுணா' 1887-88இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இதழில் தொடராக வந்தது. தன் வாழ்க்கையையே நாவலாக்கியவர், தன் தாயை ராதா என்ற பாத்திரமாக்கினார். கணவர் மதம் மாறியதில் ராதாவுக்கு இஷ்டமில்லை. அழுதுகொண்டேதான் அவரோடு போய்ச் சேர்கிறாள். விசுவாசம் அவளுக்கு மெதுவாகத்தான் வருகிறது. அந்தத் தயக்கத்தை மகள் மறைக்கவில்லை. அதனால்தான் பின்னால் வரும் ராதாவின் பக்தியை நம்ப முடிகிறது. கஷ்டப்பட்டுக் கிடைத்த விசுவாசத்துக்குத்தான் எடை இருக்கிறது.

'சகுணா'விலும் எனக்குக் குறை உண்டு. ஆங்கிலத்தில், படித்தவர்களுக்காக எழுதப்பட்ட கதை அது; பிராமணக் குடும்பம் ஒன்று மதம் மாறிய கதை. சம்பளத்துக்கு உழைத்து வீட்டை நடத்திய என் அம்மாவுக்கு அதில் இடமில்லை. தாயின் மனதை எழுதத் தெரிந்த கிருபாபாய்க்கு, தாயின் வேலையை எழுத வேண்டிய அவசியம் வரவில்லை.

எனக்கு வந்தது. எங்கள் வீடு மூலக்கொத்தளத்தில். பழைய நகரச் சுவரின் கொத்தளத்தால் வந்த பெயர் என்பார்கள். சுவர் போய்விட்டது, பெயர் மிச்சம். அம்மா மூன்றாம் வகுப்பு டீச்சர். தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்பட்ட பொம்பளப் பிள்ளைகளைச் சாயந்திரம் தேடிப் போவாங்க. திரும்பி வந்து தண்ணி லாரிக்குக் குடம் வைப்பாங்க. கோபம் வந்தால் ஸ்கேலால் மேசையில் அடிப்பாங்க, பிள்ளைகளை இல்லை. அப்பா செத்தபிறகு நாலு மாசம் கோயிலுக்குப் போகவே இல்லை. கேட்டதற்கு, "நான் கூப்பிட்டப்ப அவரு வரலயே, நான் மட்டும் ஏன் போவணும்?" என்றாங்க. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், புடவை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாங்க.

இதையெல்லாம் சேர்த்துப் பக்கத்தைத் திருப்பி எழுதினேன். அந்த நாலு மாசத்தை மட்டும் எடுத்துவிடலாமே என்று ஒரு மூப்பர் தன்மையாகச் சொன்னார். அதை எடுத்தால் அந்த ஞாயிற்றுக்கிழமையையும் எடுக்கவேண்டி வரும் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை.

ஆராதனை முடிந்ததும் பக்கத்து வீட்டு அக்கா வந்தாங்க. "நாலு மாசம் இல்ல தம்பி, ஆறு மாசம். அந்த ஞாயித்துக்கிழமைங்க எல்லாம் டீச்சரம்மாவுக்கு நான்தான் காசிமேட்டுலேர்ந்து மீன் வாங்கியாந்து குடுத்தேன். சாப்பிடவே மாட்டாங்க. உக்காந்து திட்டித் தின்ன வெப்பேன்."

முதலில் எழுதிய பக்கத்தை வாசித்திருந்தால் இந்த மீன் எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.