எழுவாய் யார்?

தாம்பரம் மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில் காதில் விழும் பேச்சு: "ரொம்பத்தான் ஷோ காட்டுறா." 'ஷோ' என்றாலே காட்டுதல்தான். ஒரே குற்றத்தை அவள்மேல் இருமுறை சுமத்துகிறோம்.

அந்த ஆங்கிலச் சொல்லின் வேர் வேறு கதை சொல்கிறது. பழைய ஆங்கிலத்தில் 'ஷேயாவியன்' என்றால் பார்த்தல். அதன் உடன்பிறப்பான ஜெர்மன் 'ஷௌவன்' இன்றும் பார்ப்பதையே குறிக்கிறது. 1200ஆம் ஆண்டையொட்டி ஆங்கிலத்தில் மட்டும் பார்த்தல் காட்டலாகத் திரும்பியது. தமிழில் காண் தன்வினை, காட்டு பிறவினை. கண்டாள், காட்டினாள்: இரண்டிலும் எழுவாய் அவளே.

இலக்கணம் தந்த இடத்தை வழக்கம் தரவில்லை. பெண் பார்க்கும் சடங்கில் பார்ப்பவர்கள் மாப்பிள்ளை வீட்டார். காட்டுபவர்கள் பெண்ணைப் பெற்றவர்கள். இரு வினைக்கும் அவள் செயப்படுபொருள். தன்னை அவளே காட்டிக்கொண்டால்தான் அது 'ஷோ'.

காட்டுதலுக்கு நிறுவுதல் என்றும் பொருள் உண்டு. 'எடுத்துக்காட்டு' அப்படி வந்ததே. 'ஷோ'வுக்கும் அப்பொருள் உண்டு. 'ஷோ காஸ் நோட்டீஸ்' அதற்குச் சான்று. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் விரித்த கூந்தலோடு அவைக்கு வரும் கண்ணகி, சிலம்பை உடைக்கிறாள். அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துகள்; இதிலிருந்து தெறித்தது மாணிக்கம். அவள் காட்டுகிறாள், அரசன் காண்கிறான். கண்டவன் உயிர் துறக்கிறான்.

இந்தக் காதையை நடத்தும் நாளில் வகுப்பில் ஒரே கேள்விதான் கேட்பேன்: இங்கே எழுவாய் யார்?