நின்றுவிட்டவர்களின் கணக்கு

ஓட்டப் பயிற்சியாளர் பிரதர் கோல்ம் ஓகானலைப் புகழ்பவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள்: ஒன்றும் தெரியாமல் போனார், ஓடுகிறவர்களைப் பார்த்தே கற்றுக்கொண்டார், இன்னும் கற்கிறார். அறியாமையே அவருடைய பலம் என்றுகூட வாதிடுகிறார்கள்.

அயர்லாந்துக்காரரான அவர் 1976இல் கென்யாவின் இடென் ஊருக்குப் புவியியல் ஆசிரியராகப் போனார். செயின்ட் பேட்ரிக் உயர்நிலைப் பள்ளியில் தற்செயலாகத்தான் பயிற்சியாளரானார். அவரிடம் பயின்ற பீட்டர் ரோனோ 1988 சியோல் ஒலிம்பிக்கில் 1500 மீட்டரில் தங்கம் வென்றார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அவருடைய இன்னொரு மாணவர் டேவிட் ருடிஷா 800 மீட்டரை 1 நிமிடம் 40.91 நொடியில் ஓடி உலக சாதனை படைத்தார். பிள்ளைகளை அவசரப்படுத்தாதவர் என்ற பெயரும் அவருக்கு உண்டு. இவற்றை மறுப்பதற்கில்லை.

என் மறுப்பு அந்தப் புகழ்ச்சியின் மேல்தான். பார்த்துக் கற்பவர் யாரைப் பார்க்கிறார்? மைதானத்தில் மிஞ்சியவர்களை. முழங்கால் வலித்து பதினேழு வயதில் வீட்டுக்குத் திரும்பியவன் மறுநாள் பார்வைக்கு இல்லை. அவன் உடம்பு சொன்ன பாடமும் அவனோடு போய்விடுகிறது. இடென் சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தேறி நின்ற சிறுவன் ஜெயித்தால் அது பயிற்சியின் பலனா, மேட்டுநிலத்தின் பலனா, தேர்ந்தெடுத்த கண்ணின் பலனா? பிரித்தறிய வழியில்லாதபோது வெற்றி ஒவ்வொன்றும் ஆசானின் அறிவுக்கே சான்றாகிவிடுகிறது. இதைக் கற்றல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பள்ளிப் பயிற்சியாளர் எவரையும் இப்படிப் புகழும்போது இந்தக் கேள்வி எழுகிறது.

வேறு விதமாகக் கற்ற பயிற்சியாளரும் உண்டு. நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட் செருப்புத் தொழிலாளி. எவ்வளவு தூரம் ஓடினால் உடம்பு தாங்கும் என்பதை முதலில் தன் கால்களிலேயே சோதித்தார். தவறியபோது வலித்தது அவருக்குத்தான். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல்லும் மர்ரே ஹால்பெர்க்கும் தங்கம் வென்ற பிறகு தன் முறையைப் புத்தகமாகவும் கொண்டுவந்தார். ஒத்துக்கொள்ளாதவர்கள் பக்கம் காட்டி மறுக்க முடிந்தது. பள்ளிப் பயிற்சியாளரோ பதினைந்து வயதுப் பிள்ளைகளின் எலும்பில் கற்கிறார். தவறு அவருக்கு அனுபவமாகிறது, பிள்ளைக்குக் காயமாகிறது.

ஆகவே ஆயுள் முழுதும் கற்றவர் என்று ஒருவருக்கு மாலை போடுவதற்கு முன், ஓட்டத்தை விட்டுப் போனவர்களின் பட்டியலைக் கேட்க வேண்டும்: எந்த வயதில், எந்த எலும்பு, எத்தனை வாரப் பயிற்சிக்குப் பிறகு.