டிஎல்எஃப் தீர்ப்பு: பங்கு வாங்கியவர் எங்கே?

என்எல்சியின் துணை நிறுவனமான என்எல்சி இந்தியா ரினியூவபிள்ஸ் பங்குச் சந்தைக்கு வரப்போகுதுன்னு பேச்சு கிளம்பினதிலிருந்து, நெய்வேலி டவுன்ஷிப்பில் ரெண்டு கேள்விதான் காதில் விழுது. "தனியாருக்கு விக்கிறாங்களா?" என்பது ஒன்று. "ஊழியர் கோட்டா உண்டா?" என்பது இன்னொன்று. முதல் கேள்வி இந்த ஊருக்கு இயல்பானது. 2013-இல் மத்திய அரசு என்எல்சி பங்கை விற்கப் போனபோது வேலைநிறுத்தம் நடந்தது. கடைசியில் தமிழக அரசு நிறுவனங்களே 3.56 சதவீதப் பங்கை வாங்கிக்கொண்டன.

மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கு. அதை யாரும் கேட்கல. எந்த நிறுவனமாக இருந்தாலும் சரி, ஐபிஓ ஆவணத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டால், அதை நம்பிப் பணம் போட்டவருக்கு யார் பொறுப்பு? நம்ம நாட்டில் இதற்கு உரைகல்லாக இருந்திருக்க வேண்டியது டிஎல்எஃப் வழக்கு. அந்த வழக்கின் போக்கைப் பற்றியதுதான் இந்தக் குறிப்பு.

2007 ஜூனில் டிஎல்எஃப் ஒரு பங்கு 525 ரூபாய் என்று விற்று, 9,000 கோடிக்கு மேல் திரட்டியது. அன்றைக்கு இந்தியாவின் மிகப்பெரிய ஐபிஓ அதுதான். ஆனால் அதற்கு முன்பே, 2007 ஏப்ரலில், சுதிப்தி என்ற நிறுவனத்தின் மீது நில விவகாரத்தில் மோசடிப் புகார் பதிவாகியிருந்தது. ஐபிஓ ஆவணத்தில் அதைப் பற்றிப் பேச்சில்லை. சுதிப்தி எங்கள் நிறுவனமே இல்லை என்பது டிஎல்எஃப் வாதம். டெல்லி உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் செபி முழு விசாரணையில் இறங்கியது. சுதிப்தி, ஷாலிகா, ஃபெலிசைட் என்ற மூன்று நிறுவனங்களின் பங்குகளும் 2006 நவம்பரில் கைமாறியிருந்தன. அந்தச் சங்கிலியின் கடைசியில் பங்குதாரர்களாக நின்றவர்கள் டிஎல்எஃப் உயரதிகாரிகளின் மனைவிமார். பெயர்தான் மாறியது, பிடி மாறவில்லை என்றது செபி. 2014 அக்டோபரில் டிஎல்எஃப்புக்கும் அதன் ஆறு நிர்வாகிகளுக்கும் மூன்றாண்டுகள் சந்தையில் இறங்கத் தடை விதித்தது.

2015 மார்ச்சில் பங்குப் பத்திர மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், அந்தத் தடையை ரத்து செய்தது. பங்கு கைமாறியது உண்மையான விற்பனையே என்பது பெரும்பான்மையின் முடிவு. தலைமை உறுப்பினர் தேவதர் அதை ஏற்கவில்லை. தவறு நடந்தது, ஆனால் ஆறு மாதத் தடை போதும் என்றார்.

எட்டு வருஷம். இவ்வளவு நேரமும் பேசப்பட்டது ஒரே விஷயம்: செபியின் விதி மீறப்பட்டதா இல்லையா. 525 ரூபாய் கொடுத்தவருக்கு என்ன சேர வேண்டும் என்பது இந்த வழக்கின் கேள்வியாகவே இல்லை. செபி ஜெயித்திருந்தாலும் அவருக்கு ஒரு பைசா வந்திருக்காது. செபி விதிக்கும் அபராதம்கூட அரசின் தொகுப்பு நிதிக்குத்தான் போகும். இன்னும் கொடுமை, தடை உத்தரவு வெளியானதும் ஒரே நாளில் அந்தப் பங்கு கால்வாசிக்கு மேல் சரிந்தது. அடி வாங்கியது யார்? பங்கை விற்காமல் வைத்திருந்தவர்தான். யாரைக் காப்பாற்ற என்று சொல்லி உத்தரவு போட்டார்களோ, அவர் தலையிலேயே அது விழுந்தது.

எதிர்வாதத்தையும் பார்க்கணும். டிஎல்எஃப் பங்கு 2009 மார்ச்சில் 200 ரூபாய்க்குக் கீழே கிடந்ததற்கு சுதிப்தியா காரணம்? உலக நிதி நெருக்கடியில் ரியல் எஸ்டேட் பங்கு எல்லாமே படுத்தது. நியாயமான கேள்விதான். ஆனா அதை நிரூபிக்க வேண்டியது யார்?

இங்கேதான் சட்டங்கள் பிரிகின்றன. அமெரிக்காவின் 1933-ஆம் ஆண்டுச் சட்டத்தில், ஆவணத்தில் முக்கியமான விஷயம் மறைக்கப்பட்டது என்று காட்டினால் பொதுவாகப் போதும். அதைப் படித்து நம்பித்தான் வாங்கினேன் என்று முதலீட்டாளர் நிரூபிக்க வேண்டியதில்லை. விலை வேறு காரணத்தால் விழுந்தது என்று காட்டும் பாரம் வெளியிட்டவர்கள் மேல். நம்ம 2013 கம்பெனிச் சட்டத்தின் 35-ஆம் பிரிவும் இழப்பீடு தரச் சொல்கிறது. ஆனால் அந்தக் கூற்றின்பேரில் செயல்பட்டு நஷ்டப்பட்டவருக்கு என்று சொல்கிறது. நானூறு, ஐந்நூறு பக்க ஆவணத்தை, அதுவும் ஆங்கிலத்தில், படித்துத்தான் வாங்கினேன் என்று எந்த ஷிப்ட் தொழிலாளி கோர்ட்டில் சொல்ல முடியும்?

வித்தியாசம் பணத்தில் எப்படித் தெரியும் என்பதற்கு சத்யம் சாட்சி. அது ஐபிஓ வழக்கு அல்ல, கணக்கு மோசடி. ஆனால் ஒரே நிறுவனம், ஒரே பொய். நியூயார்க்கில் வாங்கியவர்களின் கூட்டு வழக்கில் நிறுவனம் 12.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. இந்தியாவில் முதலீட்டாளர் சங்கம் கேட்ட இழப்பீட்டு மனுவை உச்ச நீதிமன்றம் 2009-இல் ஏற்கவில்லை.

அந்த வெட்கத்தில் பிறந்ததுதான் 245-ஆம் பிரிவு, கூட்டு வழக்கு. 100 பங்குதாரர் சேர்ந்தால் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 100 பேர் சேர்ப்பது எங்க ஊரில் ஒரு சாயங்கால வேலை. ஆனால் நஷ்டத்துக்கு விற்றுவிட்டவர் இப்போது பங்குதாரர் இல்லை. அவருக்கு இந்தக் கதவு திறக்காது. 37-ஆம் பிரிவு அவரையும் சேர்த்துக்கொள்கிறது, ஆனால் திரும்பவும் 35-இன் நிரூபணத்திலேயே கொண்டுபோய் நிறுத்துகிறது. ஜெயித்தால் பங்கு என்று பேசி வழக்கறிஞர் வைக்க இந்தியாவில் அனுமதியில்லை. முதலீட்டாளர் நிதியிலிருந்து வழக்குச் செலவைத் திரும்பப் பெற 125-ஆம் பிரிவில் வழி உண்டு. அதுவும் முதலில் கைக்காசைப் போட்டுவிட்டு, தீர்ப்பாயம் அனுமதித்தால்தான்.

என் முடிவு இதுதான். டிஎல்எஃப் தீர்ப்பில் யார் சரி என்பதைவிட, அந்த வழக்கில் யார் இல்லை என்பது பெரிய விஷயம். மறைப்பைத் தண்டிக்கும் சட்டம் ஒரு பக்கம், இழப்பை ஈடுகட்டும் சட்டம் இன்னொரு பக்கம்னு நாம பிரிச்சு வச்சிருக்கோம். முதலாவது தாமதமாகவாவது நடக்குது. ரெண்டாவது புத்தகத்தில் கிடக்குது. நிரூபிக்கும் பாரத்தை ஆவணத்தை எழுதியவர் மேல் மாற்றினால் பாதி சரியாகிவிடும். ஏன்னா, நிலம் யார் பெயரில், வழக்கு எத்தனை, மின்சாரம் வாங்க யார் கையெழுத்துப் போட்டிருக்காங்க என்பதெல்லாம் அவர் மேசையில் இருக்கும் காகிதம். வாங்குபவர் கையில் இருப்பது ஃபோனில் வந்த அலாட்மென்ட் எஸ்எம்எஸ் மட்டும்.