காற்றுக்கு ஒரு ராஜபாட்டை

கம்ப்யூட்டர் கேபினெட்டை வாங்க வருபவர்களில் பெரும்பாலோர் வர்ணவிளக்குகளையும் கண்ணாடிக் கதவையும் பார்த்து மெச்சிவிட்டு அதோடு திருப்தி அடைந்துவிடுகிறார்கள். வேறொரு ஜாதி ரசிகர்களும் உண்டு. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு, காற்று எந்த வாசலால் உள்ளே நுழையும், எந்த மூலையில் தயங்கிச் சுழலும், எதைத் தழுவிக்கொண்டு எந்தத் துவாரத்தால் வெளியேறும் என்று மனத்துக்குள் அதன் பிரயாணத்தைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் அவர்கள். அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்ற முறையில், கண்ணுக்குப் புலப்படாத இந்தக் காற்றுப் பாதையை அமைப்பது ஒரு கலை என்றும், அந்தக் கலைக்கு இலக்கணமும் மேதைகளும் உண்டு என்றும் சொல்லத் துணிகிறேன்.

யந்திரம் உட்கொள்ளும் மின்சக்தி, அது போடும் கணக்குகளில் கரைந்து மறைந்துவிடுவதில்லை. உள்ளே போகும் ஒவ்வொரு வாட்டும் முடிவில் உஷ்ணமாகத்தான் வெளிப்பட்டாக வேண்டும் என்பது பௌதிக சாஸ்திரத்தின் விதி. 2022-இல் வெளிவந்த என்விடியா ஆர்.டி.எக்ஸ். 4090 என்ற கிராபிக்ஸ் கார்டு ஒன்றே 450 வாட்டு வரை இழுக்கும். இன்டெல்லின் 14900கே பிராஸஸர் 253 வாட்டு வரை இழுக்கும். இரண்டும் ஒரே சமயத்தில் உச்சத்தை எட்டுவது அபூர்வமாகையால் மொத்தம் 500 வாட்டு என்றே வைத்துக்கொள்வோம். அந்த உஷ்ணத்தைச் சுமந்து செல்லும் காற்று, அறையிலுள்ள காற்றைவிடப் பத்து டிகிரிக்கு மேல் சூடேறாமல் வெளியேற வேண்டுமென்றால், விநாடிக்கு ஏறக்குறைய 41 லிட்டர் காற்று பெட்டியைக் கடந்து போக வேண்டும். நடுத்தரமான கேபினெட்டின் கொள்ளளவே சுமார் 50 லிட்டர்தான். ஆகவே, மேஜையடியில் அசையாமல் கிடக்கும் அந்த இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் காற்று முழுவதும் ஒன்றேகால் விநாடிக்கு ஒரு முறை வெளியேறிப் புதுக்காற்று வந்து நிரம்பிக்கொண்டிருக்கிறது! இவ்வளவு வேகமான பிரவாகத்தை எதிரே நிற்பவன் காதில் விழாதபடி நடத்திக்காட்டுவதில்தான் இந்தக் கலையின் சூட்சுமம் அடங்கியிருக்கிறது.

ஆதியில் இதைப் பற்றி யாரும் அதிகமாகக் கவலைப்பட்டதில்லை. இன்டெல் நிறுவனம் 1995-இல் வகுத்த ஏ.டி.எக்ஸ். அமைப்பே இன்றைக்கும் நம்முடைய பெட்டிகளின் எலும்புக்கூடாக இருக்கிறது. அதன் முதல் வடிவத்தில், மேலே இருக்கும் எஸ்.எம்.பி.எஸ்ஸின் விசிறி வெளிக்காற்றை உள்ளே இழுத்துப் பிராஸஸரின் மீது வீசும்படியாக ஏற்பாடு செய்திருந்தார்கள். தானே சூடாகும் ஒரு சாதனத்தின் வழியாக வந்த காற்று இன்னொன்றைக் குளிர்விக்கும் என்ற நம்பிக்கை வெகுநாள் நீடிக்கவில்லை. பிற்பாடு அந்த விசிறியை வெளிநோக்கித் திருப்பிவிட்டார்கள். அந்நாளைய கேபினெட்டுகளின் முன்முகமோ மூடிய பிளாஸ்டிக் சுவர். அதன் அடியில் ஒப்புக்கு இரண்டொரு கீறல்கள். அவற்றின் வழியே எப்படியோ நுழைந்துவிட்ட காற்றுக்கு எதிரே ஹார்டு டிஸ்க் கூடு. அதையும் தாண்டினால் குறுக்கே பந்தல் போட்டாற்போல் தொங்கும் பட்டையான ரிப்பன் கேபிள்கள்.

இந்த அலங்கோலத்தைத் திருத்த முறையான முதல் முயற்சி இன்டெல்லிடமிருந்தே வந்தது. பெண்டியம் 4 வரிசையின் பிரெஸ்காட் பிராஸஸர் நூறு வாட்டைத் தாண்டி அனல் கக்கிய 2004-ஆம் ஆண்டில், பி.டி.எக்ஸ். என்ற புதிய அமைப்பை அது கொண்டுவந்தது. முன்வாசலில் நுழையும் குளிர்ந்த காற்று முதன்முதலாகப் பிராஸஸரைத் தொட்டு, பிறகு மற்ற உறுப்புகளைத் தழுவிக்கொண்டு, எங்கும் திரும்பாமல் நேராகப் பின்புறத்தால் வெளியேற வேண்டும் என்பதே அதன் தத்துவம். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் வாசற்படியில் நின்றால் ரேழியும் கூடமும் தாழ்வாரமும் கடந்து கொல்லைக் கதவு வரையில் ஒரே நேர்கோட்டில் தெரியுமே, அந்த வாஸ்து புத்தியை ஒத்தது இது. ஆயினும் 2006-இல் சூடு குறைந்த கோர் 2 பிராஸஸர்கள் வந்தவுடன் அதற்கு அவசியம் இல்லாமற்போய், அமைப்பையே கைவிட்டுவிட்டார்கள். வர்த்தக உலகம் அதை மறந்துவிட்டது. ஆனால் அது சொன்ன விஷயம் வாஸ்தவமானது என்பதில் எனக்கு இன்றளவும் சந்தேகமில்லை.

அந்த உண்மையைக் காவியமாக்கியவர்கள் தைவான் தேசத்து சில்வர்ஸ்டோன் நிறுவனத்தார். அவர்களுடைய ரேவன் வரிசைப் பெட்டிகளும், அவற்றைத் தொடர்ந்து வந்த ஃபோர்ட்ரெஸ் எஃப்.டி.02 என்ற பெட்டியும் என் அபிப்பிராயத்தில் இந்தக் கலையின் உன்னதப் படைப்புகள். மதர்போர்டைத் தொண்ணூறு டிகிரி திருப்பி, பின்பக்கத்து இணைப்புத் துவாரங்கள் எல்லாம் ஆகாயத்தைப் பார்க்கும்படி நிறுத்திவிட்டார்கள். பெட்டியின் அடித்தளம் முழுவதையும் அடைத்துக்கொண்டு 180 மில்லிமீட்டர் அகலமுள்ள மூன்று பெரிய விசிறிகளை வரிசையாகப் படுக்க வைத்தார்கள். உச்சியில் 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்றே ஒன்று. கிராபிக்ஸ் கார்டுகள் குறுக்கே படுத்து வழிமறிக்காமல் செங்குத்தாகத் தொங்கின. அந்நாளில் பல கார்டுகள் தம்முடைய சூட்டைத் தம் முனைத் தகட்டின் வழியே ஊதித் தள்ளும் வகையைச் சேர்ந்தவையாதலால், அந்த முனை மேல்நோக்கி நின்றது மிகவும் பொருத்தமாக அமைந்தது. கீழிருந்து கிளம்பும் காற்று எந்த இடத்திலும் வளையாமல், முட்டாமல் உச்சி வரை சென்று கலந்துவிடும். 60 சென்டிமீட்டருக்கு மேல் நீண்ட அந்தப் பெட்டி மேஜையடியில் இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பது குறைதான். அந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ள நான் சித்தமாக இருக்கிறேன்.

இந்தப் பெட்டியைப் புகழ்பவர்கள் பலர், சூடான காற்று இயல்பாகவே மேலே ஏறும், அந்த இயற்கை விதிக்கு இசைந்து போவதால்தான் இதற்கு இந்தச் சிறப்பு என்று காரணம் சொல்வதுண்டு. கேட்பதற்கு ரம்மியமாக இருக்கும் இந்த விளக்கம் கணக்குக்கு நிற்காது. அரை மீட்டர் உயரமுள்ள பெட்டியில் உள்காற்று வெளிக்காற்றைவிடப் பத்து டிகிரி அதிகச் சூடாக இருந்தால், அது தானாக மேலெழும்பும் உந்துதல் ஒரு பாஸ்கலில் ஐந்தில் ஒரு பங்குதான். நல்ல 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்று முழு வேகத்தில் இருபது பாஸ்கலுக்கு மேல் அழுத்தம் தரவல்லது. நூறு மடங்கு பலமுள்ள ஒன்றுக்கு எதிரில் இயற்கையின் உந்துதல் என்ன செய்துவிட முடியும்? அந்த விசிறியைக் கீழ்நோக்கித் திருப்பினால், சூடான காற்று மறுபேச்சின்றிக் கீழே போகும். எஃப்.டி.02-இன் மேன்மைக்கு ஹேது அதன் பாதையின் நேர்மை. வாசலை அகலமாக வைத்தார்கள், நடுவில் இடையூறு எதையும் விடவில்லை, போகும் வழியைத் திறந்து வைத்தார்கள். அதே நேர்மையைப் படுக்கைவாட்டில் சாதித்திருந்தாலும் பலன் அவ்வளவே கிடைத்திருக்கும்.

பாதை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை விசிறியின் விதிகளை அறிந்தவர்கள் உடனே உணர்வார்கள். விசிறியின் சுழற்சியைப் பாதியாகக் குறைத்தால் காற்றின் அளவும் பாதியாகும். அதன் இரைச்சலோ ஏறக்குறைய 15 டெசிபெல் இறங்கிவிடும். இரண்டாவது விசிறி ஒன்றைப் பக்கத்தில் சேர்த்தால் கூடும் சத்தம் 3 டெசிபெல்தான். ஆகையால் ஒன்று ஓடி ஓடிச் செய்யும் வேலையை இரண்டு சாவதானமாகச் செய்தால் காதுக்குக் கிடைக்கும் லாபம் அபாரமானது. ஆனால் இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. சுழற்சி பாதியாகும்போது விசிறியின் அழுத்தம் நாலில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. எதிரே நெருக்கமான வலையோ, மூடிய முகப்போ, கேபிள் கற்றையோ நின்றால் மெதுவாகச் சுழலும் விசிறி அதை ஊடுருவிச் செல்லச் சக்தியற்று, இருந்த இடத்திலேயே காற்றைக் கடைந்துகொண்டிருக்கும். அமைதியான யந்திரம் வேண்டுவோர் விசிறிக் கடைக்குப் போவதற்கு முன், தம்முடைய பெட்டியின் முன்முகத்தைப் பார்ப்பது நலம்.

அதற்காக விசிறி செய்வோரின் கைத்திறனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆஸ்திரியாவைச் சேர்ந்த நாக்டுவா நிறுவனத்தார் 2018-இல் வெளியிட்ட என்.எஃப்.-ஏ12x25 என்ற விசிறியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அந்தத் திறனைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அதன் ஒன்பது இறக்கைகளின் முனைக்கும் சுற்றியுள்ள சட்டத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி அரை மில்லிமீட்டர். முன்னே தள்ளப்பட்ட காற்று அந்தச் சந்தின் வழியே பின்னுக்குக் கசிந்து திரும்புவதுதான் விசிறியின் அழுத்தத்தைத் தின்றுவிடும் நோய். சந்தைக் குறுக்கிவிடுவது யோசிக்கச் சுலபம். ஆனால் நிமிஷத்துக்கு இரண்டாயிரம் சுற்றுச் சுழலும் சாதாரணப் பிளாஸ்டிக் இறக்கை, சூட்டினாலும் சுழற்சியின் இழுப்பினாலும் காலப்போக்கில் நீண்டு சட்டத்தில் உரசிவிடும். நீளாத தன்மை கொண்ட திரவப் படிகப் பாலிமரைத் தேர்ந்தெடுத்து அந்த இடரைக் கடந்தார்கள். அந்நிறுவனத்தின் காப்பிக்கொட்டை நிறத்தைப் பலர் பரிகசிப்பதுண்டு. எனக்கு அது ஆடம்பரமில்லாத கம்பீரமாகவே தோன்றுகிறது.

பெட்டி நல்லது, விசிறி நல்லது என்றான பிறகும் ரசிகனுக்கு வேலை மீந்திருக்கிறது. காற்று சோம்பேறி, எது சுலபமான வழியோ அதில்தான் செல்லும். முன்விசிறிக்கும் பெட்டியின் சட்டத்துக்கும் நடுவே விரலளவு இடுக்கு இருந்தால், உள்ளே தள்ளிய காற்று அந்த இடுக்கின் வழியே முகப்புக்கே திரும்பி வந்து மறுபடியும் உறிஞ்சப்படும். விசிறி ஓயாமல் உழைக்கும், கருவிகள் மட்டும் குளிராது. இதைக் கண்டுபிடிக்க ஊதுபத்தியை விடச் சிறந்த கருவி கிடையாது. ஏற்றிய பத்தியை முகப்பின் ஓரங்களிலும், தகடுகளின் சேர்க்கைகளிலும், பின்புறத் துவாரங்களிலும் நிதானமாகக் கொண்டுபோனால், புகையின் இழை எங்கே உள்ளே வளைகிறது, எங்கே வெளியே தள்ளப்படுகிறது, எங்கே திகைத்து நிற்கிறது என்பது பிரத்தியட்சமாகத் தெரிந்துவிடும். கசிவுள்ள இடங்களில் நுரைப் பட்டையோ டேப்போ ஒட்டி அடைத்தால் போதும். புதிய விசிறி ஒன்றை வாங்குவதைக் காட்டிலும் சில சமயம் இதனால் கிடைக்கும் பலன் பெரிது. கேபிள்களை மதர்போர்டின் முதுகுப்புறமாகக் கொண்டுபோய்க் கட்டுவதையும் நான் இந்தச் சிரத்தையோடு சேர்த்தே எண்ணுகிறேன். மெல்லிய கேபிள்கள் குளிர்ச்சியைக் கெடுப்பது சொற்பமே என்றாலும், ஒழுங்காகக் கட்டிய பெட்டியைத் திறந்து பார்ப்பதில் தனி ஆனந்தம் உண்டு.

சமீப காலத்தில் முன்முகம் முழுவதையும் கண்ணாடியால் மூடி, உள்ளே வர்ணவிளக்கு விசிறிகளைக் கொலுவைத்து, ஓரத்தில் மெல்லிய கோடளவு மட்டும் காற்றுக்கு இடம் விடும் ஒரு மோகம் பரவியது. பார்ப்பதற்கென்று வைத்த விசிறி மூச்சுவிடத் தவிக்கும்படி அடைபட்டுக் கிடப்பதை என்னால் ரசிக்க முடிவதில்லை. அந்த மோகத்துக்குச் சரியான பதிலாக ஸ்வீடன் தேசத்து ஃபிராக்டல் டிசைன் நிறுவனத்தார் 2021-இல் டாரென்ட் என்ற பெட்டியைக் கொண்டுவந்தார்கள். 180 மில்லிமீட்டர் விசிறிகள் இரண்டு முன்னால்; அவற்றுக்கு எதிரே அகன்ற கண்களுடைய திறந்த கிராதி. பெட்டியின் தரையில் 140 மில்லிமீட்டர் விசிறிகள் மூன்று, கிராபிக்ஸ் கார்டின் வயிற்றை நோக்கி நேரே காற்றைத் தூக்கி எறிகின்றன. அவற்றுக்கு இடம் கொடுப்பதற்காக, சென்ற பல வருஷங்களாகத் தரையில் குடியிருந்த எஸ்.எம்.பி.எஸ்ஸை மறுபடியும் கூரைக்கு ஏற்றிவிட்டார்கள். வெளியேற்றும் விசிறி ஒன்றுகூட வைத்துத் தரவில்லை என்பது அதன் மிக அழகிய துணிவு. உள்ளே தள்ளுவது போதிய அளவு இருந்து பின்பக்கம் திறந்திருந்தால், வெளியேறும் வழியைக் காற்றே தேடிக்கொள்ளும். அத்தோடு, உள்ளே அழுத்தம் மிகுந்திருப்பதால் வடிகட்டியில்லாத சிறு சந்துகளின் வழியே தூசி நுழைவதும் தடைப்படுகிறது.

நம்முடைய சீதோஷ்ணத்தில் இவை எல்லாவற்றுக்கும் இரட்டிப்பு முக்கியத்துவம் உண்டு. விசிறி எவ்வளவு சிறந்ததானாலும் அறையின் உஷ்ணத்துக்குக் கீழே எதையும் குளிர்விக்க அதனால் இயலாது. இருபது டிகிரி அறையில் எழுபத்தைந்தில் நிற்கும் பிராஸஸர், சித்திரை மாதத்துச் சென்னையில் ஏ.சி. இல்லாத முப்பத்தைந்து டிகிரி அறையில் ஏறக்குறைய தொண்ணூறைத் தொடும். பல பிராஸஸர்கள் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும் எல்லை 95 முதல் 100 டிகிரி வரைதான். ஆகவே அந்நிய தேசத்துச் சோதனைக் கணக்குகளைப் படிக்கும்போது, அறையின் உஷ்ணத்தைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் ஒப்பிட வேண்டும். தூசியும் நமக்கு அதிகம். ஆதலால் முகப்பின் வடிகட்டியை அடிக்கடி கழற்றிக் கழுவி, ஈரம் நன்றாக உலர்ந்த பிறகு மாட்டுவது நல்லது. ஹீட் சிங்க்கின் தகடுகளுக்குள் படிந்ததை பிளோயரால் ஊதும்போது, விசிறியின் இறக்கையை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும்; கட்டில்லாமல் சுழலவிட்டால் பேரிங் தேய்வதோடு, மோட்டாரே ஜெனரேட்டராக மாறி மதர்போர்டுக்குள் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பவும் கூடும்.