தீயின் சாட்சியும் நாவின் சாட்சியும்: உடப்புக் கரையிலிருந்து ஒரு நோக்கு

இலங்கையின் வடமேற்குக் கரையிலே, சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையில், ஒரு புறம் கடலும் மறு புறம் முந்தல் களப்பும் அணைத்துக் கிடக்கும் மணற்பரப்பில் அமைந்தது உடப்பு. கரைவலை இழுக்கும்போது பாடப்பெறும் அம்பாப் பாடல்களால் நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் அவ்வூரை நன்கறிவர். ஆடி மாதந்தோறும் திரௌபதியம்மன் ஆலயத்தில் நிகழும் 18 நாள் விழாவாலும், அவ்விழாவின் உச்சமாகிய தீமிதிப்பாலும் ஏனையோர் அறிவர். ஊரவர் பெரும்பாலும் இந்துக்கள். ஆயின் ஊரைச் சூழ்ந்த கரையோ பெரிதும் கத்தோலிக்கருடையது. தெற்கே சிலாபம், அதற்கப்பால் நீர்கொழும்பு; வடக்கே கற்பிட்டிக் குடாநாட்டில் புனித அன்னம்மாளின் தலவில யாத்திரைத் தலம். ஒரே கடலில் ஒரே தொழில் செய்து வாழும் இரு சமூகங்கள், பாவம் நீங்கித் தூய்மை எய்துவது எவ்வாறு என்ற கேள்விக்கு இரு வேறு விடைகளைக் கைக்கொண்டு நெடுங்காலமாக அருகருகே வாழ்ந்து வருகின்றன. கிறித்தவம் கூறும் தூய்மையின் தன்மையை ஆராய்வதற்கு இதனிலும் ஏற்ற களம் தமிழுலகில் அரிது.

இவ்விரு விடைகளையும் ஒப்பிடுவோர் வழக்கமாக ஒரு வாய்பாட்டை எடுத்தாள்வர். இந்து சமயச் சடங்கு உடலைத் தூய்மை செய்கின்றது. கிறித்தவம் உள்ளத்தைத் தூய்மை செய்கின்றது என்பதே அது. மேலோட்டமாக நோக்கின் இதற்கு விவிலியத்திலேயே ஆதாரம் உண்டு. புறத்தேயிருந்து மனிதனுக்குள்ளே புகுவது எதுவும் அவனைத் தீட்டுப்படுத்துவதில்லை, அவன் உள்ளத்திலிருந்து வெளிவரும் தீமையே தீட்டு என்ற கருத்தை மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரம் இயேசுவின் போதனையாகத் தருகின்றது. எனினும், இவ்வாய்பாடு இரு தரப்புக்கும் அநீதி செய்கின்றது. நீரும் எண்ணெயும் சாம்பலும் மெழுகுவர்த்தியும் இன்றிக் கத்தோலிக்க வழிபாடு இயங்கியதில்லை. மகப்பேற்றின் பின் தாய் ஆலயத்துக்கு வந்து ஆசி பெறும் வழக்கம் திருச்சபையில் அண்மைக்காலம் வரை நிலவிற்று. பெப்ரவரி 2ஆம் நாள் விழா 1969ஆம் ஆண்டு நாட்காட்டிச் சீர்திருத்தம் வரை மரியாளின் சுத்திகரத் திருநாள் என்ற பெயருடனேயே விளங்கிற்று. மகன் பிறந்தால் 40 நாள், மகள் பிறந்தால் 80 நாள் என்று லேவியர் நூல் வகுத்த கணக்கு அவ்விழாவின் பின்னணியில் நிற்கின்றது. ஈழத்துத் தமிழ்த் தாய்மார் கழிக்கும் துடக்கு நாள்களுக்கு இது வெகு தொலைவில் உள்ளதன்று.

இந்த வாய்பாட்டின் பலவீனத்தைத் தமிழில் முதலில் கண்டு வன்மையாக எடுத்துரைத்தவருள் ஆறுமுக நாவலர் தலையாயவர். பேர்சிவல் பாதிரியாருடன் விவிலிய மொழிபெயர்ப்பிற் பணிபுரிந்த அவர், 1854இல் வெளியிட்ட சைவதூஷண பரிகாரத்திலே, யெருசலேம் ஆலய வழிபாட்டு விதிகளைச் சைவாலய விதிகளோடு ஒப்பிட்டு, சடங்கென்று சைவத்தை இகழ்வோர் தம் வேதத்தையே இகழ்கின்றனர் என வாதிட்டார். பழைய ஏற்பாட்டுச் சடங்குகள் யாவும் கிறித்துவின் ஒரே பலியில் நிறைவெய்தி விட்டன என்பது எபிரேயர் திருமுகம் தரும் விடை. அவ்விடை பலியைப் பற்றிய வாதத்துக்கு ஓரளவு பொருந்தும். ஞானஸ்நானத் தொட்டியைப் பற்றிய வாதத்துக்குப் போதாது. ஆனால் நாவலரின் வாதமும் உடப்பு வரை வந்து சேரவில்லை என்பது கருதத்தக்கது. ஆகம வழிக்குப் புறம்பான நாட்டார் வழிபாடுகளை அவர் ஏற்றாரல்லர். ஆகவே தீமிதிப்புக்குப் பாதிரிமார் தரப்பிலும் வழக்கறிஞர் இலர். நாவலர் தரப்பிலும் இலர்.

உடப்பின் தீ உண்மையில் என்ன செய்கின்றது? விழாக்காலப் பேச்சுகளில் அது பாவத்தைப் போக்குகின்றது எனக் கூறப்படுவதுண்டு. சடங்கின் ஒழுங்கைக் கூர்ந்து நோக்குவார்க்கு இக்கூற்று முழுவதும் பொருந்தாமை புலனாகும். தீமிதிப்போர் காப்புக் கட்டி, புலால் விலக்கி, துடக்கு வீடுகளை நீக்கி, நோன்பிருந்து, நீராடிய பின்னரே தீக்குழியை அணுகுவர். அதாவது, தூய்மை தீக்கு முன்னரே எய்தப்பட்டிருத்தல் வேண்டும். மீனே தொழிலும் உணவுமாகிய மக்கள் மீனை விலக்கி நிற்பது சிறு துறவன்று. தீயோ அவ்வாறு எய்தப்பட்ட தூய்மைக்குச் சாட்சி கூறுகின்றது. திரௌபதியின் கதையும் இதனையே உணர்த்தும். வேள்வித் தீயிற் பிறந்தவள் அவள். அழுக்குற்றுத் தீயில் கழுவப்பட்டவள் அல்லள். போர் முடிந்து, கூந்தல் முடித்த பின், தீயில் இறங்கித் தன் தூய்மையை உலகறிய நிறுவினாள் என்பதே நாட்டார் மரபு. ஆகவே தீமிதிப்பைக் கழுவுதலாகக் கொண்டு ஞானஸ்நானத்தோடு ஒப்பிடுதல் பொருந்தாது. அதனோடு ஒப்பிடற்குரியது சாட்சியம் பற்றிய மற்றொரு கிறித்தவ நிறுவனமே. அது பாவசங்கீர்த்தனம்.

இவ்விடத்தில் ஐரோப்பியத் திருச்சபை வரலாற்றின் ஒரு நிகழ்ச்சியை நினைவுகூர்தல் பயனுடைத்து. இடைக்கால ஐரோப்பாவில், குற்றஞ்சாட்டப்பட்டவர் பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் ஏந்தியோ, நீரில் அமிழ்த்தப்பட்டோ தம் குற்றமின்மையை நிறுவ வேண்டியிருந்தது. அத்தீயையும் நீரையும் ஆசீர்வதிப்போர் குருமாரே. 1215ஆம் ஆண்டு கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம், இத்தகைய சோதனைகளுக்குக் குருமார் ஆசி வழங்குதலாகாது எனத் தடுத்தது. அதே சங்கம்தான், பகுத்தறியும் பருவமெய்திய ஒவ்வொரு கிறித்தவரும் ஆண்டுக்கொருமுறையேனும் தம் பாவங்களைக் குருவிடம் அறிக்கையிடல் வேண்டும் எனக் கட்டளையும் இட்டது. இவ்விரு விதிகளும் ஒரே அவையில் எழுந்தமை தற்செயலாயினும் ஆகலாம். எனினும் அவற்றின் பொருள் தெளிவு. உடலின் மீது தீ எழுதும் தீர்ப்பு அகற்றப்பட்டு, நாவு தன்னைப் பற்றித் தானே சொல்லும் சாட்சி அதனிடத்தில் அமர்ந்தது. உடப்பும் அதன் அயற்கரையும் வேறுபடுவது இங்கேதான்; உடல், உள்ளம் என்ற பிரிவில் அன்று. ஆண்டுக்கொருமுறை என்ற கால அளவு இரண்டிற்கும் பொதுவாதல் ஒரு சுவையான உடனிகழ்வு.

நாவின் சாட்சி தமிழுக்கு வந்த வரலாறு சொல்லின் வரலாறாகவும் உள்ளது. என்றீக்கே என்றீக்கசு அடிகள் முத்துக்குளித்துறைக் கிறித்தவருக்காக 1580இல் கொச்சியில் அச்சிட்ட பாவ அறிக்கைக் கையேட்டின் பெயர் கொம்பெசியொனாயரு. போர்த்துக்கேயச் சொல் தமிழெழுத்தில் அப்படியே நின்றது. அறிக்கையிடுதல் என்ற செயலுக்குத் தமிழில் ஏற்ற பெயர் அன்று அவருக்கு அமையவில்லை போலும். பின்னர் நொபிலி தொடங்கி வைத்த வடமொழி சார்ந்த நடையிலே ஞானஸ்நானம், பாவசங்கீர்த்தனம் முதலிய சொற்கள் நிலைபெற்றன. இவற்றுட் பின்னையது விந்தையான ஆக்கம். சங்கீர்த்தனம் என்றால் தமிழர் செவியிற் பலர் கூடி உரத்துப் பாடும் நாமசங்கீர்த்தனமே ஒலிக்கும். குருவின் காதிலே தனித்து முணுமுணுக்கும் செயலுக்கு அச்சொல் சூட்டப்பட்டது. எடுத்துரைத்தல் என்ற வடமொழி மூலப்பொருளை எண்ணியே அவ்வாறு செய்தனர் என்று அமைதி கூறலாம். ஆயினும் அச்சொல்லுக்குள் கூட்டத்தின் ஓசை ஒன்று ஒளிந்திருந்தது; முதல் நூற்றாண்டுகளின் திருச்சபையிலே கொடிய பாவம் செய்தோர் சபையின் முன் சாம்பலணிந்து நின்று மன்றாடிய மரபு அச்சொல்லை இட்டோரின் நினைவில் இருந்ததோ இல்லையோ, சொல் அதனை அறிந்திருந்தது.

கூட்டத்தின் ஓசையை மெய்யாகவே இக்கரைக்கு மீட்டுத் தந்தவர் யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகள். கோவையைச் சேர்ந்த இக்குரு 1705இல் இலங்கை வந்து, 1742இல் சிலாபத்துக்கும் நீர்கொழும்புக்கும் இடையிலுள்ள போலவத்தையில் மறைந்தார். ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடுத்திருந்த காலம் அது. குருவானவர் ஓர் ஊருக்கு வந்து செல்ல மாதங்கள், சிலவேளை அதனினும் அதிக காலம் ஆகும். அறிக்கையைக் கேட்கக் காதில்லாத இடத்தில் நாவின் சாட்சிக்கு என்ன வழி? திரெந்துச் சங்கம் இதற்கு ஒரு வாயிலைத் திறந்து வைத்திருந்தது: இறைவன் மீது கொண்ட அன்பால் எழும் முழுமையான மனவருத்தம், பின்னர் அறிக்கையிடும் விருப்போடு கூடியதாயின், முன்னதாகவே மனிதனை இறைவனோடு இணைக்கும் என்பது. தமிழ்க் கத்தோலிக்கர் உத்தம மனஸ்தாபம் என்று கூறி மந்திரமாக மனனம் செய்வது இதனையே. கொன்சால்வேஸ் அடிகளின் வியாகுலப் பிரசங்கத்தை இப்பின்னணியில் வைத்தே மதிப்பிடல் வேண்டும். கிறித்துவின் பாடுகளைக் கூறும் ஒன்பது பிரசங்கங்களைக் கொண்ட அந்நூல் தவக்காலத்தில் கூட்டமாக இருந்து கேட்பதற்கென அமைந்தது. எழுத்தறிந்த ஒருவர் வாசிக்க ஊரே கேட்டுக் கண்ணீர் விடும். அதன் மணிப்பிரவாள நடையை இன்றைய வாசகர் கரடுமுரடென ஒதுக்குதல் எளிது. அந்நடையின் நீண்ட தொடர்களும் அடுக்கி வரும் விளிகளும் ஒப்பாரியின் மூச்சுக்கு இசைந்தவை என்பதைச் செவியாற் கேட்டோரே உணர்வர். சாவீட்டில் அழத் தெரிந்த சமூகத்துக்குத் தன் பாவத்துக்காக அழக் கற்றுத் தந்த நூல் அது. இலக்கிய வரலாறுகள் அதற்கு ஒரு பத்தி தந்து கடந்து போவது குறையே.

இரு சாட்சிகளுக்கும் உரிய இடர்களையும் கூறாது விடுதல் நேர்மையாகாது. தீ சாட்சி கூறுமாயின், கால் வெந்தவர் நோன்பில் தவறியவர் ஆகிவிடுவார். அவ்வாறு ஊர்வாய் சொல்லத் தொடங்கின், காயத்தோடு பழியையும் அவர் சுமத்தல் வேண்டும். பெண்ணாயின் சுமை இரட்டிக்கும். குருடனாய்ப் பிறந்தவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று வினவிய சீடருக்கு இருவரும் அல்லர் என இயேசு மறுத்துரைத்ததாக யோவான் நற்செய்தி கூறும். உடலின் ஊறு பாவத்தின் எழுத்தன்று என்ற அம்மறுப்பு, தீயின் சாட்சிக்கு எதிராகக் கிறித்தவம் கூறக்கூடிய மிக வலிய சொல்லாகும். ஆயினும் நாவின் சாட்சியும் குற்றமற்றதன்று. அயலவனின் வலையை அறுத்தவன் குருவிடம் சொல்லி மன்னிப்புப் பெற்று வெளியேறலாம். அறுந்த வலை அறுந்தபடியே கிடக்கும். கொடுத்த கேட்டை ஈடு செய்தல் வேண்டும் என்று மறைக்கல்வி விதிக்கின்றது என்பது உண்மையே. கவர்ந்ததை நான்மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்ன சக்கேயுவின் கதை அதற்கு முன்மாதிரி. ஆனால் விதி வேறு, காதோடு முடிந்துபோகும் சடங்கின் இயல்பு வேறு. உடப்பின் தீயருகே ஊர் நிற்கின்றது. அறிக்கைத் தொட்டியருகே ஊர் இல்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–1965) பின் தமிழ்க் கத்தோலிக்கத் திருச்சபை செய்த சொல்மாற்றங்களை இந்த நோக்கிலேயே எடை போடல் வேண்டும். வடமொழி நீக்கித் தனித்தமிழாக்கிய முயற்சி என்று மட்டும் அவற்றைக் காண்போர் பாதியையே காண்கின்றனர். ஞானஸ்நானம் திருமுழுக்கு ஆயிற்று. ஸ்நானம் அழுக்கு நீக்கும். முழுக்கோ உறவையும் அறுக்கும். ஒன்றைத் தலைமுழுகினான் என்றால் அதனை அடியோடு கைவிட்டான் என்றே தமிழர் பொருள் கொள்வர். திருமுழுக்கிற் பழைய மனிதன் இறந்து புதைக்கப்படுகின்றான் என்ற பவுலின் இறையியலுக்கு இச்சொல் முன்னையதினும் அணுக்கமானது. நடைமுறையில் குழந்தையின் தலையில் மூன்று முறை நீர் வார்ப்பதோடு முழுக்கு முடிந்துவிடுகின்றது என்பது வேறு. பாவசங்கீர்த்தனம் ஒப்புரவு அருட்சாதனம் ஆயிற்று. சீர்திருத்தத் திருச்சபையினரின் விவிலியத் தமிழில் முன்பே வழங்கிய சொல்தான் ஒப்புரவு. ஆனால் திருக்குறளில் ஒப்புரவறிதல் என்பது ஒரு முழு அதிகாரத்தின் பெயர். ஊரோடு ஒத்து வாழ்ந்து ஊர்க்கு உதவுதலை அது குறிக்கும். இறைவனோடு மீளிணைதலுக்கு இச்சொல்லைத் தெரிந்தெடுத்தபோது, தெரிந்தோ தெரியாமலோ, ஊரையும் உடன் அழைத்தாயிற்று. காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு சமாதானமாகும்படி மத்தேயு நற்செய்தி பணிப்பதற்கு இதனிலும் பொருத்தமான தமிழ்ப்பெயர் கிடைத்தல் அரிது. 1973இல் வெளியான புதிய ஒப்புரவுச் சடங்கு முறை, பலர் கூடி மனம் வருந்தும் பொது வழிபாட்டுக்கும் இடம் தந்தது. முதியோர் நாவில் இன்னும் பழைய சொல்லே வழங்குவதிற் பிழையில்லை. பிழை எங்கேயெனில், புதிய சொல்லை வைத்துக்கொண்டு பழைய முணுமுணுப்பை மட்டும் தொடர்வதில்.

இம்மாற்றம் சிலாபக் கரைக்கு ஒரு விதத்திற் பிந்தி வந்தது என்பதையும் கூறுதல் தகும். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இக்கரையின் பள்ளிகளிலும் ஆலயங்களிலும் சிங்களம் மேலோங்க, தமிழ் பேசிய கத்தோலிக்கக் குடும்பங்கள் பல சிங்களக் குடும்பங்களாயின. கொன்சால்வேஸ் அடிகளின் தமிழ் ஒலித்த வீடுகள் சிலவற்றில் ஒப்புரவு என்ற சொல்லைக் கேட்க இன்று தமிழ்ச் செவி இல்லை. தமிழைக் காத்து நிற்பது நடுவிலுள்ள இந்து ஊராகிய உடப்பு.

மீனவனாகிய பேதுருவைப் பற்றிய இரு நிகழ்ச்சிகள் நற்செய்திகளில் உள்ளன. ஒன்றில், வலை கிழியுமளவு மீன் பட்டபோது தான் பாவி என்று அவன் இயேசுவின் முழந்தாளில் விழுகின்றான். மீனைக் கொன்றதற்காக அவன் அஞ்சவில்லை. நிறைந்த வலையைக் கண்டு அஞ்சினான். மற்றதில், தன் காலைக் கழுவ வந்த இயேசுவைத் தடுக்கின்றான். பின் கையும் தலையும் கூடக் கழுவுமாறு கேட்கின்றான். குளித்தவனுக்குக் காலை மட்டும் கழுவினாற் போதும் என்பது அவன் பெற்ற விடையின் கருத்து. திருமுழுக்கு ஒருமுறை, ஒப்புரவு பலமுறை என்ற வேறுபாட்டுக்கு உரையாசிரியர் பலர் இதனையே சான்று காட்டுவர். உடப்பில் தீ தொடுவதும் காலையே. பெரிய வியாழனன்று குருவானவர் குனிந்து கழுவுவதும் காலையே. தீமிதிப்பில் அடியவர் தம் காலைத் தாமே துணிந்து தீயிடம் ஒப்படைக்கின்றார். ஆலயத்திலோ கால் பிறர் கையில் ஒப்படைக்கப்படுகின்றது. தூய்மை ஈட்டப்படுவதா, பெறப்படுவதா என்ற பழைய வழக்கு இவ்விரு கால்களுக்கும் இடையே கிடக்கின்றது.

அந்த வியாழனுக்கு இரண்டு நாள் கழித்து, பாஸ்காத் திருவிழிப்பின் இரவில், கரையோர ஆலயங்களின் முற்றங்களில் புதுத் தீ மூட்டப்படும். பன்னிரண்டாம் பத்திநாதர் 1951இல் மீண்டும் இரவுக்கு உரியதாக்கிய வழிபாடு இது. அத்தீயிலிருந்து ஏற்றிய பெரிய திரியோடு மக்கள் இருளில் ஆலயத்துள் நுழைவர். பின்னர் திருமுழுக்கு நீரை ஆசீர்வதிக்கும்போது, குரு அத்திரியைத் தொட்டி நீருள் இறக்குவார்.